சபரும் செய்தியும்

நம் கடலோர ஊர்களில் அயல்நாட்டுப் பயணத்திற்குச் ‘சபர்’ என்று பெயர். சென்று பொருளீட்டித் திரும்புபவர் ‘சபராளி’. பயணம் என்னும் பொருளுடைய அரபுச் சொல் நம் வீட்டுத் திண்ணைகளில் தங்கி, உப்புக் காற்றில் ஊறித் தமிழாகிவிட்டது. சபராளி கொண்டுவந்த அத்தரையும் கைலியையும் பற்றி நம்மவர் பேசியது மிகுதி. அவர் புறப்பட்ட பின், செய்தி ஏதுமின்றி வீட்டில் காத்திருந்தவர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

இன்று அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்கும் ஒருவர் முதலில் தேடுவது இணையத் தொடர்பையே. பெட்டி வந்ததோ இல்லையோ, கைபேசியில் இணையம் வந்துவிட்டதா என்று பார்க்கிறார். இதனை இக்காலத்தாரின் பழக்கக்கேடு என்று நகைக்கும் பெரியவர்களை நாம் அறிவோம். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்த நகைப்பு நீடிக்காது. பயணம் செய்பவரின் மௌனத்திற்கு விலை கொடுத்தவர்கள் எக்காலத்திலும் வீட்டில் இருந்தவர்களே.

தஞ்சியரைச் சேர்ந்த இப்னு பதூதாவை எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது 1325 ஜூன் மாதம், தம் இருபத்தோராம் வயதில் பெற்றோரைப் பிரிந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் அவர். மறு ஆண்டு அலெக்ஸாந்திரியாவில் அவரைக் கண்ட புர்ஹானுத்தீன் என்னும் பெரியார், “சிந்திலும் இந்தியாவிலும் சீனத்திலும் என் சகோதரர்கள் இருக்கின்றனர், அவர்களைக் காணும்போது என் ஸலாமைச் சொல்க” என்ற கருத்துப்படக் கூறினார். சீனம் செல்லும் எண்ணமே அதுவரை இளைஞருக்கு இல்லை. ஆயினும் அந்த ஸலாம் அமானிதமாயிற்று. மூவரையும் தாம் சந்தித்து அதனைச் சேர்ப்பித்ததாக அவர் பதிவு செய்கிறார்.

பிறர் ஸலாமை உலகின் மறுகோடிவரை சுமந்தவருக்குத் தம் வீட்டுச் செய்தி எவ்வாறு வந்தது? 1326இல் திமஷ்கில் ஒரு பெண்ணை மணந்து, அவர் கருவுற்றிருந்த நிலையில் பிரிந்து சென்றார் இப்னு பதூதா. ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருக்கும்போது அவருக்குக் கிடைத்தது. குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகள் அனுப்பினார். சபராளியின் பணம் வீடு சேரும் வழி அன்றும் இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிறகு தில்லியில் காஜியாக அமர்ந்தார், மாலத்தீவு சென்றார், 1344 அளவில் நம் மஅபர் நாட்டுக்கும் வந்து மதுரை சுல்தான் கியாதுத்தீனின் விருந்தினராகத் தங்கினார். 1348இல் திமஷ்குக்குத் திரும்பியதும் தம் மகனைப் பற்றி விசாரித்தார். அந்தச் சிறுவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள். அந்நகரின் மதரஸா ஒன்றில் தங்கியிருந்த தஞ்சியர்க்காரர் ஒருவரிடம் தம் பெற்றோரைப் பற்றிக் கேட்டார். தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின. தாயார் உயிருடன் இருக்கிறார் என்ற விடை வந்தது. ஊரை நோக்கி விரைந்தவருக்குத் தாஸா நகரில் மற்றொரு செய்தி காத்திருந்தது. அவ்வாண்டுகளில் பரவிய கொள்ளைநோயில் தாயாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்காலத்தில் விரைவான அஞ்சலே இல்லை என்று எண்ணிவிடலாகாது. கலீபாக்களின் ஆட்சியில் ‘பரீத்’ என்னும் அஞ்சல் துறை இருந்தது. மிஸ்ரு நாட்டு பைபர்ஸ் காலத்தில் காஹிராவிலிருந்து திமஷ்குக்கு நான்கு நாட்களில் செய்தி சென்றது. புறா அஞ்சலும் நடந்தது. சிந்திலிருந்து தில்லிக்குப் பயணிகள் ஐம்பது நாட்கள் நடக்கும் தொலைவை அரசாங்க அஞ்சல் ஐந்தே நாட்களில் கடந்ததை இப்னு பதூதாவே வியந்து எழுதுகிறார். மணி கட்டிய கோலுடன் ஓடும் அஞ்சலாள் ஒரு மைலில் மூன்றிடத்தில் மாறுவான். அந்த அஞ்சல் வழியாகக் குராசான் பழங்கள் சுல்தானின் உணவுக்கு வந்தன. நாட்டுக்குள் நுழைந்த அயலாரின் தோற்றமும் உடையும் நடத்தையும் எழுதப்பட்டுச் சுல்தானுக்குப் போயின. வேகம் இருந்தது, ஆனால் அது அரண்மனைக்கு உரியதாக இருந்தது. தஞ்சியரில் இருந்த ஒரு தாய்க்கு அந்தக் குதிரைகளால் யாதொரு பயனும் இல்லை.

(இன்றைய அரபு மொழியிலும் அஞ்சலுக்குப் பரீத் என்றே பெயர். மின்னஞ்சல் ‘பரீத் இலிக்த்ரூனீ’ ஆயிற்று. சொற்கள் மனிதரைவிட நெடும்பயணம் செய்கின்றன.)

நம்மவர் வரலாற்றுக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைக்கும் சென்றவர்கள் கடிதத்தையே நம்பியிருந்தனர். ஊருக்குக் கப்பலேறும் ஒருவர் கையில் பத்துப் பேர் கடிதம் கொடுத்தனுப்புவது வழக்கம். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜுலா’ கப்பலை நம் முதியோர் இன்றும் உறவினரைப்போல் நினைவுகூர்வதற்கு, அது மனிதரை மட்டுமல்லாமல் செய்தியையும் ஏற்றி வந்ததே காரணம்.

அக்கடிதங்களில் பல அரபுத்தமிழில் எழுதப்பட்டன. பள்ளிக்கூடம் செல்லாத பெண்களுக்கும் குர்ஆன் ஓதுவதன் வாயிலாக அரபு எழுத்து கைவந்திருந்தது. ஆகவே, கணவர் எழுதிய கடிதத்தைப் படித்துச் சொல்ல அடுத்த வீட்டுப் பிள்ளையையோ தபால்காரரையோ நாடாமல், கதவைச் சாத்திக்கொண்டு தாமே படித்தனர். அரபுத்தமிழைக் கிதாபுகளின் மொழியாக மட்டுமே ஆராய்பவர்கள், அது மனைவியின் அந்தரங்கத்தைக் காத்த எழுத்தாகவும் இருந்ததை மறந்துவிடுகின்றனர்.

மின்தந்தி வந்தது. 1870இல் சூயஸ், ஏடன் வழியாக பம்பாய்வரை கடலடிக் கம்பி இடப்பட்டது. அதனை அடுத்தே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கம்பி சென்றது. மாதக் கணக்கு மணிக் கணக்காயிற்று. ஆயினும் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தமையால், வணிகருக்கு விலை நிலவரமும் குடும்பத்தாருக்கு மரணமும் தவிர வேறெதற்கும் தந்தி பயன்படவில்லை. தந்திக்காரரின் மிதிவண்டியைக் கண்டாலே பெண்கள் அழத் தொடங்கிய தெருக்களை நாம் கண்டிருக்கிறோம். இந்தியாவில் அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலை மாதம் நின்றது.

தொடர்பு அறுவதன் பொருளை நம் சமுதாயம் முழுமையாக உணர்ந்தது இரண்டாம் உலகப் போரில்தான். 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. தபால் வழி அடைபட்டது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பும்வரை, ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகள், மலாயாவில் இருந்த கணவன் உயிருடன் இருக்கிறானா என்பதை அறியாமலே நம் பெண்கள் வாழ்ந்தனர். பணம் வருவது நின்றது என்பது ஒரு துயரம். தான் மனைவியா, இத்தாவிருக்க வேண்டிய விதவையா என்பது தெரியாமலிருந்தது அதனினும் பெரிய துயரம்.

ஃபிக்ஹு நூல்களில் ‘மஃப்கூது’ என்று ஒரு பாடம் உண்டு. இருப்பிடமும் உயிர்நிலையும் அறியப்படாதவன் மஃப்கூது. அவன் மனைவியின் நிலை என்ன என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஹனபி மத்ஹபில் அவனுடைய வயதொத்தவர்கள் மறையும்வரை அவள் காத்திருக்க வேண்டும் என்றனர். மாலிகி மத்ஹபில் காஜியிடம் முறையிட்டு, நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் இத்தா இருந்து விடுதலை பெறலாம் என்றனர். இந்திய ஹனபி உலமாக்களே இவ்வகையில் மாலிகி தீர்ப்பை ஏற்கலாம் என்று மௌலானா அஷ்ரப் அலி தானவி அவர்கள் 1930களில் ஒரு நூல் வாயிலாக வழி திறந்தார்கள். அதன் பின்னணியில் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. மனைவி மணவிலக்குப் பெறுவதற்குரிய காரணங்களில் அச்சட்டம் முதலாவதாக வைத்தது எது? கணவனின் இருப்பிடம் நான்கு ஆண்டுகள் அறியப்படாமல் இருப்பது! தீர்ப்பான பிறகும் ஆறு மாதங்கள் அது நடைமுறைக்கு வராது. அதற்குள் கணவன் வந்து தன் கடமைகளைச் செய்ய ஆயத்தம் என்று நிறுவினால் தீர்ப்பு நீக்கப்படும். ஒரு கடிதம் வந்து சேர்வதற்காகவே சட்டம் வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது. மதரஸாவில் இப்பாடத்தை ஓதும் மாணவர்கள் இதனைப் பழங்காலச் சிக்கலாக நினைத்துக் கடந்து செல்கின்றனர். மலாயாத் தபால் அறுந்தது நான்கு ஆண்டுகளுக்கு மூன்று மாதங்களே குறைய என்பதை அவர்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

போருக்குப் பின்னர் வளைகுடாக் காலம் வந்தது. 1970கள் தொட்டு நம் இளைஞர்கள் துபாய்க்கும் ஜித்தாவுக்கும் குவைத்துக்கும் சென்றனர். நீலநிற விமானக் கடிதம் வந்தது. பின்னர் ஒலிநாடாவில் பேசி அனுப்பும் வழக்கம் வந்தது. தொலைபேசி இருந்தும் கட்டணம் அச்சுறுத்தியது. மஞ்சள் பலகை தொங்கிய தொலைபேசிக் கூண்டுகளில், ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களுக்கு அந்த அச்சம் தெரியும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு அழைப்புகளை நடத்தும் தனியுரிமை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்திடம் 2002வரை இருந்தது. அது நீங்கிய பிறகே கட்டணம் வேகமாக இறங்கிற்று. இஃது ஒரு பொதுவிதி போலவே வரலாறெங்கும் காணப்படுகிறது: செய்தி செல்லும் வாயிலைக் காப்பவர் தாமாகக் கட்டணத்தைக் குறைப்பதில்லை. வேறொரு வாயில் திறக்க வேண்டும். அல்லது அரசு தலையிட வேண்டும்.

வேறொரு வாயிலாக வந்ததே இணையம். 1995 ஆகஸ்ட் 15இல் அதே விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. சவூதி அரேபியாவில் 1999இல் மக்களுக்குக் கிடைத்தது. பயணிகள் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் பணம் கொடுத்து அமர்ந்தனர். 2003இல் ஸ்கைப் வந்தபோது, குரல் தொலைபேசி நிறுவனத்தின் கணக்கில் சேராமலே கடல் கடந்தது. அந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டு வரலாறாகிவிட்டது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பையும் 2016இல் காணொளி அழைப்பையும் தந்தது. வாயில் காப்போர் இதனை எளிதில் ஏற்கவில்லை. வளைகுடா நாடுகளில் இணைய வழி அழைப்புகள் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. சவூதி அரசு 2017 செப்டம்பரில் தடையை நீக்கியது. அமீரகம் அன்று அவ்வழியைப் பின்பற்றவில்லை. உரிமம் பெற்ற கட்டணச் செயலிகளையே அனுமதித்தது. அதிக எண்ணிக்கையில் நம் பிள்ளைகள் வாழும் நாட்டில், தாயின் முகத்தைக் காண்பதற்குத் தனிச் சந்தா கட்டவேண்டிய நிலை இருந்தது நெஞ்சை உறுத்துகிறது.

இனி, பயணத்தில் இருப்பவரின் இணையம் ஏன் இவ்வளவு விலையாயிற்று என்பதைப் பார்ப்போம். கைபேசியினுள் இருக்கும் சிம் அட்டை 1991இல் பின்லாந்தில் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. மறு ஆண்டே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் ரோமிங் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. ரோமிங் என்பதற்கு அரபியர் வைத்த பெயர் ‘தஜ்வால்’. சுற்றித் திரிதல் என்பது பொருள். சவூதியில் கைபேசிக்கே ‘ஜவ்வால்’ என்று பெயர். ஓயாது ஊர் சுற்றுபவன் என்பது அச்சொல்லின் பழைய பொருள். இப்னு பதூதாவுக்குப் பொருந்திய சொல் இன்று அனைவர் சட்டைப்பையிலும் கிடக்கிறது.

ஜித்தாவில் இறங்கி ஒருவர் கைபேசியை இயக்கியதும், அங்குள்ள கோபுரம் சிம்மில் உள்ள எண்ணைப் படித்து, இது இந்திய நிறுவனத்தின் சிம் என்று அறிகிறது. சவூதி நிறுவனம் இந்திய நிறுவனத்தைக் கேட்கிறது: “இவர் உங்கள் ஆளா? இவருக்குப் பிணை நிற்பீரா?” ஆம் என்ற விடை வந்த பிறகே கதவு திறக்கும். அதன்பின் அவர் இணையத்தில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்திய நிறுவனத்தின் வழியாகவே சுற்றிச் செல்லும். மக்கா விடுதியின் ஓர் அறையில் இருப்பவர், அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒரு படம் அனுப்பினாலும், அது இந்தியக் கரையைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த அறைக்கு வரும். சவூதி நிறுவனம் இந்திய நிறுவனத்திடம் கட்டணம் கேட்கும். இந்திய நிறுவனம் தன் இலாபத்தையும் சேர்த்துப் பயணியிடம் கேட்கும். அயலூரில் இருப்பவருக்கு ஓரிரு நாட்களில் வேறு கடை தேட வழியில்லை என்பதை இருவரும் அறிவர்.

ஐரோப்பாவில் அரசு தலையிட்டது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ரோமிங் கட்டணத்திற்கு உச்ச வரம்பு விதித்துப் படிப்படியாகக் குறைத்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றிய நாடுகளுக்குள் கூடுதல் கட்டணமே இல்லை என்றாயிற்று. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதும் அந்நாட்டு நிறுவனங்கள் சில 2022இல் அக்கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தன. மேலே நாம் கூறிய விதிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செய்தி வானத்தில் பறக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கடலின் அடியில் ஊர்ந்து செல்கிறது. 2005 இறுதியில் இயங்கத் தொடங்கிய ஸீ-மீ-வீ 4 என்னும் கம்பிவடம் 18,800 கிலோமீட்டர் நீளமுடையது. சிங்கப்பூர், மலாக்கா, சென்னை, கொழும்பு, மும்பை, ஜித்தா, சூயஸ், அலெக்ஸாந்திரியா என்று அது கரையேறும் இடங்களைப் படிக்கும்போது, நம் முன்னோர் கப்பலேறிய துறைகளின் பட்டியலைப் படிப்பதாகவே தோன்றுகிறது. 2008 ஜனவரி 30இல் அலெக்ஸாந்திரியா அருகே அவ்வடமும் மற்றொன்றும் அறுந்தன; இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தள்ளாடியது. 2025 செப்டம்பரில் ஜித்தா அருகே செங்கடலில் மீண்டும் அறுந்தது. செய்திகள் வேறு கடல்கள் வழியாகத் திருப்பி விடப்பட்டன. 1326இல் அதே கடலைக் கடந்து ஜித்தா செல்ல ஐதாப் துறைமுகத்திற்கு வந்த இப்னு பதூதா, அங்கு நடந்த சண்டையில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டிருந்ததால் திரும்பி ஷாம் வழியாகச் சென்றார். திமஷ்குத் திருமணம் நிகழ்ந்ததே அந்தச் சுற்றுவழியில்தான்.

2020 மார்ச் இறுதியில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, ஊரில் மௌத்தான தந்தையின் ஜனாஸாவுக்கு வரமுடியாத பிள்ளைகள் பலர். கபுருஸ்தானில் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடிக்க, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓர் அறையில் மகன் மண் தள்ளுவதைக் கண்டான். அதே வேளையில் ஷாபிஈ மத்ஹபினர் இருந்த இடத்திலேயே காயிப் ஜனாஸாத் தொழுகையும் தொழ முடிந்தது. தந்தையின் மறைவைப் பதினைந்து ஆண்டுகள் அறியாதிருந்த மகனையும், அடக்கம் செய்யப்படும் கணத்திலேயே கண்டு அழுத மகனையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எவருடைய துயரம் பெரிது என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் யாஸீன் ஓதி துஆச் செய்ய உரிய நேரம் இரண்டாமவனுக்குக் கிடைத்தது.

மற்றொரு மாற்றமும் நம் காலத்தில் நிகழ்ந்துள்ளது. முன்பெல்லாம் செய்தித் தொடர்பு பயணத்திற்குத் துணையாக இருந்தது. இன்றோ அதுவே பயணத்தின் அனுமதிச் சீட்டாகிவிட்டது. மதீனாவில் ரவ்ளா ஷரீபில் தொழ நேரம் குறித்துப் பெறும் முறை 2020இல் கைபேசிச் செயலி வழியாக வந்தது; 2022 முதல் அது ‘நுசுக்’ என்னும் செயலியில் இருக்கிறது. இணையம் இல்லாத ஹாஜியார், இணையம் உள்ள ஒரு பிள்ளையைத் தேடி விடுதிக் கூடத்தில் நிற்கிறார். வங்கியோ, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்திற்கும் ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணை ஊரிலுள்ள பழைய சிம்முக்கே அனுப்புகிறது. சவூதி சிம் வாங்கிப் போட்டு இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டவர், கையில் பணமிருந்தும் கட்ட வழியின்றித் திகைக்கிறார். அட்டையே இல்லாமல் எழுத்து வடிவில் கைபேசிக்குள் இறங்கும் இ-சிம் 2016க்குப் பின் பரவியது. ஊர் எண்ணையும் அயலூர் இணையத்தையும் ஒரே கைபேசியில் வைத்துக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் இதனை அமைப்பதற்கும் இணையம் வேண்டும் என்பதால், வீட்டிலிருக்கும்போதே செய்துவிடுதல் நலம். விமான நிலைய வைஃபையை நம்பிச் செல்பவர்கள், அங்கே உள்நுழையவும் ஓ.டி.பி. கேட்கப்படலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இந்திய சிம்மைக் கழற்றாமல், அதில் இணையத் தரவை மட்டும் நிறுத்திவைத்து, குறுஞ்செய்திக்காக ரோமிங்கைத் திறந்துவைப்பது இப்போதைக்கு ஏற்ற முறை. குறுஞ்செய்தியைப் பெறுவதற்குக் கட்டணம் உண்டா என்பதைப் புறப்படுமுன்னரே நிறுவனத்திடம் கேட்டறிக. தங்கப்போகும் விடுதியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டிலுள்ள பெண்களிடம் கொடுத்துச் செல்க.